சாமி இடது, சனம் இடது

எங்கள் வீட்டுச் சோற்றில் எப்போதும் லேசாக மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். அப்பா எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடும் அந்த வாசம், அவர் உருட்டிக் கையில் வைக்கும் கவளத்தில் ரசத்தையும் மீறி மூக்கில் ஏறும். பெயிண்ட்டைப் போக்க மண்ணெண்ணெய், மண்ணெண்ணெயைப் போக்கச் சோப்பு, சோப்பு தீர்ந்துபோனால் அந்தக் குறையைப் போக்க நான்தான் கடைக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்தில் இருக்கும் பெண் மூக்கைச் சுருக்குவாள். எனக்கு அதில் ஒரு வேறுபாடும் தெரிந்ததில்லை. எல்லார் வீட்டுச் சோறும் அப்படித்தான் மணக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைக் கடலூர் பழைய டவுனான ஓ.டி.யில் "ஆர்ட்டிஸ்ட்" என்றால்தான் தெரியும். மரியநாதன் என்ற பெயர் ரேஷன் கார்டிலும் ஞானஸ்நானச் சீட்டிலும் மட்டும் இருந்தது. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று போட்டு அதில் வேலை செய்தார். கடைப் போர்டு, படகுகளின் நெற்றியில் எழுதும் பெயர், கோயில் திருவிழாத் தட்டி, மாதா சுரூபத்துக்குப் புது வண்ணம், இறந்தவர்களின் படம் என்று எது வந்தாலும் செய்வார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அந்தக் கொட்டகையில் ஐந்தாறு ஓவியர்கள் கூடுவார்கள். அதற்குப் பெயரே "ஞாயித்துக்கிழமை செட்டு"தான். சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர் சபாபதி மாமா. அவர் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுபவர், நாட்டியப் பள்ளிகளுக்குத் திரைச்சீலை எழுதுபவர். உறவு இல்லாவிட்டாலும் அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுவார், அம்மாவைத் தங்கச்சி என்பார். யாருக்காவது பெரிய வேலை கிடைத்தால் அதைத் தனியாகச் செய்ய மாட்டார்கள். கையும் நகையும் சபாபதி மாமாவுக்கு, எழுத்து இன்னொருவருக்கு, மேகமும் மரமும் வேறொருவருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். முகம் மட்டும் எப்போதும் அப்பாவுக்கு.

"மச்சான், நீ போடுற மாதா எல்லாருக்கும் எந்தங்கச்சி மூக்குதான் இருக்குது" என்று சபாபதி மாமா ஒரு முறை அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"தெனமும் பாக்குற மூக்குதானே கையில வரும். உன் வீட்டு மூக்குக்கு நான் எங்க போறது?" என்றார் அப்பா.

அந்தச் செட்டில் புழங்கிய இரண்டு சொற்களை இங்கே சொல்லியாக வேண்டும், அவை தெரியாவிட்டால் மேலே நான் எழுதப்போவது எதுவும் விளங்காது. இடது வலது என்பதை அவர்கள் நம்மைப் போலச் சொல்ல மாட்டார்கள். படத்துக்குள் நிற்பவரின் இடது கை எந்தப் பக்கமோ அதுதான் அவர்களுக்கு இடது. நடராசர் உடுக்கையைப் பிடித்திருப்பது வலது கையில், ஆனால் எதிரே நின்று கும்பிடுபவனுக்கு அது இடது பக்கமாகத் தெரியும். சாமியின் கணக்கில் சொல்வதைச் "சாமி வலது" என்றும், கும்பிடுகிறவன் கணக்கில் சொல்வதைச் "சனம் இடது" என்றும் சொல்வார்கள். தொழிலுக்குள் பேசும்போது வெறுமனே இடது என்றாலே அது சாமி இடதுதான். வெளி ஆள் வந்து சொன்னால் அதை மனதுக்குள் திருப்பிக்கொள்ள வேண்டும். கொட்டகை மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே இதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் திருப்பத் தெரிந்திருந்தது. அது தெரிந்ததில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

எனக்குப் பத்து வயது. அப்பா நான்கு நாளாகச் சிதம்பரத்தில் ஒரு திரைச்சீலை வேலையில் இருந்தார். குடிகாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். அவருடைய அக்காள் புருஷன் சவரிமுத்து என்பவர் நெஞ்சுவலியில் இறந்து பத்து நாள் ஆகிறது, முப்பதாம் நாள் பூசைக்குப் படம் வேண்டும் என்றார். அவர் கொடுத்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதில் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நின்றார்கள். இறந்துபோன சவரிமுத்துவும் அவருடைய தம்பி அருளப்பனும். ஒரே மீசை, ஒரே சட்டை, ஒரு வயதுதான் வித்தியாசம். சவரிமுத்து தன் வாழ்நாளில் எடுத்துக்கொண்டது அந்த ஒரு போட்டோதான் என்றார் வந்தவர். பேனாவை எடுத்து இறந்தவர் தலைக்கு மேல் ஒரு புள்ளி வைக்கப் போனார். அம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"இருக்குறதே ஒண்ணு, அதுல போயி கிறுக்காதீங்க. வாயால சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

"இடது பக்கம் நிக்கிறவருதாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அம்மா போட்டோவை பைபிளுக்குள் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் வரும்போதே நான் ஓடினேன். வந்தவர் வெளி ஆள், அவர் சொன்னது சனம் இடது, அப்படியானால் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது வலது. ஓடுகிற ஓட்டத்திலேயே திருப்பிவிட்டேன். "குடிகாட்டுலேர்ந்து போட்டோ வந்திருக்குப்பா, வலது பக்கம் இருக்கிறவரு செத்துட்டாராம்" என்றேன். அப்படித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததில் முதலில் சொன்னது எது என்பதே மங்கிவிட்டது. அப்பா என் தலையில் கை வைத்தார், சரி என்றார். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

படம் முப்பதாம் நாள் காலையில்தான் முடிந்தது. வண்ணம் முழுசாகக் காயவில்லை. வெள்ளைத் துணி போர்த்தி, பஸ்ஸில் மடியில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் போனோம். கோயிலில் பூசை முடிந்து அவர்கள் வீட்டில் ஜெபம் நடந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். அதன் பிறகுதான் துணியை எடுக்க வேண்டும் என்பது வழக்கம். இறந்தவரின் மனைவி லூர்துமேரி துணியை எடுத்தார்.

படத்தில் இருந்தவர் படத்துக்குப் பக்கத்திலேயே கையில் மெழுகுவர்த்தியோடு நின்றுகொண்டிருந்தார்.

எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், அருளப்பனைப் பார்த்தார்கள், மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். அவ்வளவு நன்றாக வந்திருந்தது முகம். அருளப்பன் மெழுகுவர்த்தியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "ஆர்ட்டிஸ்ட் சார், எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்குன்னு நெனச்சேன்" என்றார். யாரோ ஒருவர் சிரித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். லூர்துமேரி அருளப்பனையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. கையில் துணியை வைத்துக்கொண்டு, "எங்க ஊட்டுக்காரரு எங்க?" என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒரு பொருளைத் தேடுகிற மாதிரி கேட்டார்.

அப்பா போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போட்டோ கொண்டுவந்தவர், நான் தெளிவாக இடது என்றுதானே சொன்னேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "என் தப்புதான். என் கண்ணுதான் தப்பாப் பாத்துடுச்சு" என்று அப்பா சொன்னார். அதையே மூன்று பேரிடம் தனித்தனியாகப் போய்ச் சொன்னார். நான் என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். சோறு தின்னும் கை வலது, அது சரியாகத்தான் இருந்தது. எதிரே இருந்த படத்தைப் பார்த்ததும் மறுபடி குழம்பிவிட்டது. திருப்பினேனா, இரண்டு முறை திருப்பினேனா, அப்பாவும் திருப்பினாரா. படத்தை மறுபடி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாமேல் கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் அருளப்பனின் மனைவி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. உயிரோடு இருக்கிறவர் படத்தின் மேல் செத்தவருக்குத் தெளிக்கிற தீர்த்தம் விழுந்துவிட்டது, அதை எரிக்கவும் கூடாது, மேலே வெள்ளையடித்து அழிக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்றார். "வேற என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. எங்க ஊட்டுக்காரரு முகம் அதுல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செட்டு முழுக்கப் படத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வழி சொன்னவர் சபாபதி மாமா. அழிக்க வேண்டாம், தம்பியின் முகத்தின்மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக அண்ணனை வரவழைத்துவிடலாம் என்றார். போட்டோவைப் பூதக்கண்ணாடியில் வைத்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அண்ணனுக்குக் காது வெளியே நீட்டியிருக்கிறது என்றார் ஒருவர். மோவாயில் பள்ளம் இல்லை என்றார் இன்னொருவர்.

"தம்பிய அண்ணனாக்குறதுக்கு ஏன் மச்சான் இவ்வளவு யோசன? ஒரு வயசு ஏத்திவுடு" என்றார் சபாபதி மாமா. "என்னைக் கல்யாணத்துக்கு அப்புறம் எங்கம்மாவுக்கே அடையாளம் தெரியல."

அப்பா சிரிக்கவில்லை. மூன்று நாள் அதையே செய்தார். காது நீண்டது, மீசை கனத்தது, மோவாய் நிரம்பியது. கண்ணை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. போட்டோவில் சவரிமுத்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார், அதற்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கண் அருளப்பனுடையதாகவே இருந்துவிட்டது. லூர்துமேரி வந்து கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில், "இருக்கட்டும்" என்று எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. புருஷன் கிடைத்துவிட்டார் என்றா, இதுவாவது இருக்கட்டும் என்றா?

அதற்குப் பிறகு அப்பா முகம் எழுதவில்லை. அந்த வருடத் திருவிழாவுக்குப் பக்கத்துப் பங்குக் கோயிலில் பீடத்துக்குப் பின்னால் பெரிய மாதா படம் எழுத அவரிடம்தான் சொல்லியிருந்தார்கள். முகத்தைச் சபாபதி மாமாவிடம் கொடுத்துவிட்டு, அப்பா அங்கியையும் நட்சத்திரங்களையும் எழுதினார். திருவிழா அன்று சனமெல்லாம் மாதாவின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டது. அப்பா அங்கியின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செட்டில் யாரோ கேலியாக "ஆள் மாத்தி ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்ல, அது ஊருக்குள்ளும் பரவியது. எங்கள் வகுப்புப் பையன்கள்கூடச் சொன்னார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று பல முறை கொட்டகை வாசல் வரை போயிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "ஃபாதர், நான் இடதை வலதுன்னு சொல்லிட்டேன்" என்றேன். வேண்டுமென்றே சொன்னாயா என்று கேட்டார். சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் மாற்றிச் சொன்னேன் என்றேன். அவர், "அது பாவமில்லம்மா, கணக்குல தப்புப் போட்ட மாதிரிதான்" என்று மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன். ஒன்றும் குறையவில்லை.

இதெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள் ஜெனி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, போன மாதம் சிதம்பரத்தில் இரண்டு தோழிகளோடு ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள். படம் எழுதப் போகிறாளாம். அதுவும் முகம்தான் எழுதுவாளாம். அங்கே அவர்கள் வயதுப் பிள்ளைகள் இருபது பேர் சேர்ந்து சுவர்களில் எழுதுகிறார்கள், தெற்கு வீதியில் ஒரு கூடத்தில் கண்காட்சி வைக்கிறார்கள் என்று போனில் காட்டினாள். நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் நிம்மதி தந்ததில்லை. அவள் அறையில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, நாளைக்கு என்ன ஆவாள் என்று ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொன்னால் கேட்க மாட்டாள், தாத்தா சொன்னால் கேட்பாள் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் கடலூருக்குப் போனேன்.

அப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, செய்யட்டுமே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முகம் எழுதி நீங்கள் பட்டது போதாதா என்றேன். சொன்ன வேகத்தில் மற்றதும் வெளியே வந்துவிட்டது. தெருமுனையில் நான்தான் திருப்பிச் சொன்னேன், உங்கள் தொழில் போனது என்னால்தான் என்றேன். நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே கிடந்ததைச் சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். சண்டை போடுகிற குரலில்தான் வந்தது.

"நீ திருப்பிட்டேன்னு அன்னைக்கு அவுங்க வீட்டுலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார் அப்பா.

அதற்கு மேல் அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் இரண்டு ஆள் வரைந்து பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். தெருமுனையில் நான் வலது என்றேன். சின்னப் பிள்ளை கேட்டதை அப்படியே சொல்கிறது, இது சனம் வலது என்று அப்பா எடுத்துக்கொண்டார். அன்றைக்கே சோறு போடும்போது அம்மா, இடது பக்கம் நிற்கிறவர் என்று சொல்லியிருக்கிறாள். பதினைந்து வருடமாக ஓவியனோடு குடும்பம் நடத்துகிறவள், அவள் சொல்வது சாமி இடது என்று எடுத்துக்கொண்டார். சனம் வலதும் சாமி இடதும் ஒரே ஆள். இரண்டு பேர் வேறு வேறு விதமாகச் சொல்லியும் ஒரே ஆளைக் காட்டியதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. திருப்பியவள் நான், திருப்பாமல் சொன்னவள் அம்மா. அவர் எங்களை மாற்றி நினைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கோயில் பாடற்குழுவுக்குப் போய்விடுவாள், செட்டுப் பேச்சு எதையும் அவள் காதில் வாங்கியதே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"அம்மாவும் சொன்னது எனக்குத் தெரியவே தெரியாதேப்பா."

"நீ சொன்னது அவளுக்கும் தெரியாது. நான் சொல்லல."

"அப்ப அம்மா என்னன்னு நெனச்சிட்டு இருந்தா?"

"தன்னாலதான்னு நெனச்சிட்டு இருந்தா" என்றார். "அன்னைக்கு ராத்திரி கேட்டா, நான் சொன்ன இடதுனாலயான்னு. ஆமான்னேன். பத்து வயசுப் புள்ள மேல போட முடியுமா? அவ தாங்கிக்குவான்னு நெனச்சேன்."

"நீங்க கேட்டிருக்கலாமே, யாரோட இடதுன்னு."

"கேட்டிருக்கலாம்" என்றார். நான் ஜெனிக்காக வந்ததையே மறந்து பஸ் ஏறிவிட்டேன்.

என்னைக் காப்பாற்றினார் என்று நினைத்தால் நெஞ்சு இளகுகிறது. அம்மாமேல் வைத்துவிட்டாரே என்று நினைத்தால் அதே நெஞ்சு கல்லாகிறது. ஊரறியத் தப்பு தன்னுடையது என்று மூன்று பேரிடம் சொன்னவர், வீட்டுக்குள் ஒரே ஒருத்தியிடம் அதைச் சொல்லாமல் விட்டார். நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தான், அவர் இடத்தில் இருந்தால் ஜெனியைக் காட்டிக்கொடுத்திருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். பதில் ஒரு நாள் ஒரு மாதிரி வருகிறது, மறுநாள் வேறு மாதிரி வருகிறது. ஜெனியிடம் முழுக் கதையையும் சொன்னேன். "இப்பல்லாம் முகத்தைச் சுத்தி செவப்பு வட்டம் போட்டு வாட்ஸப்புல அனுப்பிடுறாங்கம்மா" என்றாள். யாருடைய இடது என்று கேட்க வேண்டிய தேவையே இப்போது இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். சபாபதி மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். வேலையை விட்டது தப்பு என்று ஜெனியிடம் சொல்ல எடுத்த வாய் அன்றைக்கு என்னவோ மூடிக்கொண்டது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் எனக்கு ஒரு விநோதமாக மட்டுமே பட்டுக்கொண்டிருந்த ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. எனக்கு நினைவு தெரிந்து அவள் யாரிடமும் இடது வலது என்று சொன்னதில்லை. ஆட்டோவில் போனால் டிரைவரின் தோளுக்கு மேல் கையை நீட்டி வழி காட்டுவாள். உப்பு எங்கே என்றால் மோவாயால் காட்டுவாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, எந்தப் பக்கம்மா வலிக்குது, இடதா வலதா என்று நர்ஸ் கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்தாள். இரண்டு நாள் தூக்கமில்லாத எரிச்சலில் நான் வள்ளென்று விழுந்தேன், கேட்டால் வாயைத் திறந்து சொல்லேன் என்று.

"எதுக்கும்மா வம்பு" என்றாள். "தொட்டே காட்டிடுறேன்."